யார் பெற்ற பிள்ளை

நெய்லா மறுபடியும் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். மார்லேனிஸ் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது, இரண்டு நர்ஸ்கள் நெய்லாவின் மணிக்கட்டுகளைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டுங்கடி, நல்லாக் கட்டுங்க! பிள்ளையைப் புதைச்சிட்டு ஆத்தாளைக் கட்டிப் போடறீங்களா?"

"பிள்ளை கீழ்மாடியில நல்லா இருக்கும்மா. எத்தனை தடவை சொல்றது?"

"நல்லா இருக்காம்! இருந்தா கொண்டாந்து காட்டேன்!"

வெளியே தெருவில் சரவெடி வெடித்தது. நவம்பர் மாதம், கார்த்தஹேனா நகரம் முழுக்கத் திருவிழா வெறி. ஒவ்வொரு வெடிக்கும் நெய்லாவின் உடம்பு தூக்கிப் போட்டது. தலைமாட்டுத் திரையில் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

பசுர்த்தோ சந்தையில் மீன் பொரித்து விற்பவள் நெய்லா. ஏழு மாதம் முடிந்திருந்த நிலையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்தாள். பக்கத்துக் கடைக்காரி பிடித்து இழுக்காவிட்டால் சட்டி அவள் மேலேயே கவிழ்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தை. அதைக் கீழ்மாடியில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் தாயை மேல்மாடிக்கும் அனுப்பினார்கள். நினைவு திரும்பியதிலிருந்து நெய்லா ஓயவில்லை.

மார்லேனிஸ் அந்த ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நர்ஸ். மேற்படிப்புக்காக அந்த வருஷம் ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பின் தீவிர சிகிச்சையில் கிடக்கும் பெண்கள் ஏன் இப்படித் துடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மருந்து மயக்கம், மூளையில் வீக்கம் என்று டாக்டர்கள் காரணம் சொல்வார்கள். பிள்ளையைக் கண்ணால் பார்க்காததும் ஒரு காரணமாக இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் ஆய்வுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். நடப்பதை மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த நோயாளியை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும்.

நெய்லாவின் நிலையைக் குறித்துக்கொண்டு மார்லேனிஸ் கீழே இறங்கினாள். மனம் மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

கீழ்மாடியில் கங்காரு அறை. குறைமாதக் குழந்தைகளைத் தாய்மார்கள் மார்போடு சேர்த்து, இழுபடும் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறை அது. அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆண், நெய்லாவின் புருஷன் யாமித். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். சட்டையில்லாத அவன் நெஞ்சில், துணிக்குள்ளிருந்து சின்னக் குல்லாய் ஒன்று மட்டும் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவனுடைய வலது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எஞ்சினை அணைங்க," என்றாள் எதிரே இருந்த ஒருத்தி. "பாப்பா ஏதோ சவாரி போறோம்னு நெனச்சிக்கப் போகுது."

"வாடகையும் கேப்பாரு, பாத்துக்கோ!" என்றாள் இன்னொருத்தி. அறை சிரித்தது. யாமித்தும் சிரித்துக் காலை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மறுபடி ஆடத் தொடங்கியது.

மார்லேனிஸைக் கண்டதும் அவன் எழப் பார்த்தான். "சிஸ்டர், அவ எப்படி இருக்கா? மேல இருக்கற நர்ஸுங்க போட்டோ காட்டினாங்களா?"

"காட்டினாங்க. குல்லாய் போட்டா எல்லாப் பிள்ளையும் ஒண்ணாத்தான் இருக்கும், யாரை ஏமாத்தறீங்கன்னு கேட்டா. அழுற வீடியோவும் காட்டினாங்க. அது எவ பெத்த பிள்ளையோன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா."

யாமித்தின் முகம் தொங்கிப்போனது. "அவ நம்ப மாட்டா, சிஸ்டர். இதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. வேற ஊர்ல, வேற ஆஸ்பத்திரியில. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. அப்புறம் ஒருநாள் துணியில சுத்திக் கையில குடுத்துட்டாங்க. நான் வாயைத் திறந்தாலே அவளுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது."

மார்லேனிஸால் அங்கே உட்கார முடியவில்லை. படிகளில் திரும்ப ஏறியபோது மேலிருந்து நெய்லாவின் குரல் கேட்டது. இப்போது அது கத்தல் அல்ல, கம்மிப்போன ஒரு முனகல். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் ஓஸ்பினோ கட்டிலருகே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழுத்தம் இறங்கவே மாட்டேங்குது. இன்னொரு வலிப்பு வந்தா தாங்க மாட்டா. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்."

"டாக்டர், குழந்தையை ஒரு தடவை இங்க கொண்டு வரலாமா?"

"மூணாவது கட்டில்ல இருக்கிற அம்மாவுக்கு எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. அந்தக் காத்துல இந்தக் குறைமாசக் குழந்தையைக் கொண்டாறதா? உங்க ஆராய்ச்சிக்காகவா மார்லேனிஸ்?"

அவர் சொன்னது நியாயம். அது அவளுக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள்.

"அப்ப இவளைக் கீழே கொண்டுபோவோம். தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை."

"வழியில வலிப்பு வந்தா?"

"மருந்துப் பம்பு கூடவே வரும். நானும் வருவேன், நீங்களும் வாங்க. இவளை என் ஆய்வுல இருந்து எடுத்துடறேன், டாக்டர். இது ஆராய்ச்சிக்கு இல்ல."

ஆய்வுக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்பதை டாக்டர் அறிவார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, "கட்டை அவிழுங்க. உடம்பைத் துடைச்சு வேற துணி மாத்துங்க. போற வழியில நல்லா மூச்சு விடணும்னு அவகிட்ட சொல்லுங்க," என்றார்.

லிஃப்ட் வர நேரமாயிற்று. சக்கர நாற்காலியில் நெய்லா விறைத்து உட்கார்ந்திருந்தாள். பம்பு ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க? பிணவறைக்கா?"

"உன் பிள்ளைகிட்ட."

"பொய்," என்றாள் நெய்லா. ஆனால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கங்காரு அறைக்குள் நாற்காலி நுழைந்ததும் பேச்சு நின்றது. யாமித் எழுந்து நின்றான். ஒரு கை குழந்தையின் முதுகில், மற்றது அவளை நோக்கி நீண்டது. நெய்லா அவனைப் பார்த்தாள், அவன் நெஞ்சிலிருந்த குல்லாயைப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல."

யாமித்தின் வாய் கோணியது. "அடியே, எங்கம்மா மேல சத்தியமா..."

"உங்கம்மா மேல எத்தனை சத்தியம் பண்ணுவே? போன தடவையும் பண்ணினே!"

அவன் கண்ணீர் வழிந்து குல்லாயில் சொட்டியது. துணிக்குள்ளிருந்த குழந்தை நெளிந்தது. தலையை இங்கும் அங்கும் உருட்டியது. தகப்பனின் நெஞ்சில் எதையோ தேடி, காணாமல், பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டது. இன்னொரு தடவை. பிறகு சின்ன வாயைத் திறந்துகொண்டு அப்படியே இருந்தது.

நெய்லா முகம் சுளித்தாள். "யாரு பிள்ளையா இருந்தா என்ன, பசிக்குது பாரு. மரம் மாதிரி நிக்கிறே. இங்க குடு!"

மார்லேனிஸ் துணியை அவிழ்த்துக் குழந்தையை எடுத்தாள். நெய்லாவின் மார்பில் குழந்தையைக் கவிழ்த்து வைத்து, மேலே போர்வையைப் போர்த்தினாள். குழந்தையால் இன்னும் உறிஞ்ச முடியவில்லை. நக்க மட்டும்தான் செய்தது. நெய்லா குனிந்து பார்த்தபடியே இருந்தாள்.

டாக்டர் எடுத்துப்போயிருந்த கருவியில் அழுத்தம் பார்த்தார். அதிகமாகவேதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கைகள் இப்போது குழந்தையின் முதுகில் அசையாமல் கிடந்தன.

"நாளைக்கும் என்னைக் கூட்டிட்டு வருவீங்களா?" என்றாள் நெய்லா, யாரையும் பார்க்காமல்.

"தூங்க வைக்கற ஊசி இப்ப வேணாம்," என்று டாக்டர் மார்லேனிஸிடம் மெதுவாகச் சொன்னார். "அழுத்த மருந்தை மட்டும் கூட்டலாம்."

மறுநாளும் அவளைக் கீழே கொண்டுபோனார்கள். அதற்கடுத்த நாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நெய்லா மாடி முழுக்கக் கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். யாமித்தும் இரண்டு வார்டு பையன்களும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எந்த நாளில் அவள் "இந்தப் பிள்ளை" என்பதை விட்டு "என் பிள்ளை" என்று சொல்ல ஆரம்பித்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அழுத்தம் மெல்ல இறங்கியது. குழந்தை உறிஞ்சக் கற்றுக்கொண்டது. யுலேய்மா என்று பெயர் வைத்தார்கள்.

மார்லேனிஸின் பேராசிரியை கோபித்துக்கொண்டாள். "இப்படி ஒவ்வொருத்தியா நீக்கிட்டே இருந்தா என்னத்தை எழுதுவே?" டாக்டர் ஓஸ்பினோ மட்டும் வேறு மாதிரி சொன்னார். "தாயைக் கீழே கொண்டுபோனா என்ன ஆகுதுன்னு தனியா ஒரு ஆய்வு எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்." அவள் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் குழு ஆயிரம் கேள்விகளோடு திருப்பி அனுப்பியது. அவள் மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

ஜனவரியில் எடை பார்க்க வந்தபோது குழந்தை கொழுகொழுவென்று தேறியிருந்தாள். தாய்தான் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு, தூக்கமில்லாமல் நின்றபடியே தள்ளாடினாள். மார்லேனிஸுக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் மதியம் ஒலாயா குடியிருப்பில் இருந்த அவர்கள் வீட்டுக்கே போனாள். யாமித் சவாரிக்குப் போயிருந்தான். தகரக் கூரை கொதித்தது.

"தூங்கறியா?"

"எங்க தூங்கறது, சிஸ்டர்? கண்ணை மூடினா மூச்சு நின்னுடுச்சோன்னு தோணுது. எழுந்து மூக்குல விரலை வச்சுப் பாக்கறேன். நிம்மதியாப் படுக்கறேன். உடனே மறுபடி எழுந்திடறேன். யாமித்தைப் பாத்துக்கச் சொன்னா, அவன் 'நல்லா இருக்கா'ங்கறான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முதல் பிள்ளை ஞாபகம்தான் வருது."

மார்லேனிஸ் கை கழுவினாள். துணிப்பட்டையை வாங்கித் தன் மேல் சுற்றிக்கொண்டு, யுலேய்மாவை அதற்குள் வைத்துக் கட்டினாள்.

"'நல்லா இருக்கா'ன்னு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மூச்சையும் பாத்துட்டே உக்காந்திருக்கேன். நீ படு."

"உங்களுக்கு வேலை இருக்குமே?"

"படுன்னா படு."

நெய்லா கட்டிலின் ஓரத்தில் சாய்ந்தாள். இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, யாரோ வெட்டிச் சாய்த்த மாதிரி தூங்கிப்போனாள். மார்லேனிஸின் பையில் கைபேசி அதிர்ந்தது. மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கையை நீட்டினால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டு நெய்லாவை எழுப்பிவிடும். குழந்தையின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.