ஆள் இருக்கும் வீடு

மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரே ஒரு ஆள். செஞ்சி ஏரிக்கரையில் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு, ஊரைத் தாண்டி வெகுதூரத்தில் கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கட்டிக்கொடுத்த சி பிளாக்கின் நிலவரம் இதுதான். வீட்டைக் குறை சொல்ல முடியாது. டைல்ஸ் தரை, தனி கக்கூஸ், குழாயில் ஒருவேளையாவது தண்ணீர். பஸ்தான் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பவளும் பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவளும் அந்த இரண்டு பஸ்ஸை நம்பி எப்படிப் பிழைப்பார்கள் என்று எந்த மகராசனும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் டைல்ஸை விட்டுவிட்டு பஸ் விட்டிருப்பார்கள்.

ஒவ்வொருவராகச் செஞ்சிக்கே திரும்பிப் போய், கிடைத்த மூலையில் முடங்கிக்கொண்டார்கள். போகும்போது சாவியைப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை அவித்து விற்றவள். முட்டி வலியோடு குண்டானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாமல் தொழிலையே விட்டாள். புருஷன் போய் ஆறு வருஷம், பிள்ளையும் இல்லை. தினம் ஒரு வீட்டைத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, காற்று போக வைத்துவிட்டுப் பூட்டுவாள். சில நாள் விளக்குப் போடும்போதுதான், காலையிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது நினைவுக்கு வரும். சாவி தன்னிடம் இருக்கும்வரைதான் போன் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் போனுக்காகத்தான் பதினோரு வீட்டையும் பெருக்கினாள்.

ஆள் இல்லாத வீட்டை அதிகாரிகள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சோதனைக்கு வரும்போது பூட்டியிருந்தால் கதவில் நோட்டீஸ். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்காரி நேரில் போய் ஆதாரைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடு ரத்து. இரண்டாம் முறையும் பூட்டியிருந்தால் பேச்சே கிடையாது, அப்போதே ரத்து. சி பிளாக்கில் ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் வாங்கியவள், செஞ்சி மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற எதிர்வீட்டு அமிர்தவல்லி மட்டும்தான். தண்ணீர் மோட்டார் போட வருகிற கன்னியப்பன், வழக்கமாகச் சோதனைக்கு முதல் நாளே காதில் போட்டுவிடுவான். எல்லோரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, அடுப்பைப் பற்றவைத்து, ஏழு தலைமுறையாக அங்கேயே குடியிருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த முறை வந்தது புது அதிகாரி. கன்னியப்பனுக்கே தெரியவில்லை. அமாவாசை நாள், காலை பத்து மணிக்கு ஏ பிளாக்கில் ஜீப் வந்து நின்றது. பவுனம்மாள் பதறிக்கொண்டு அமிர்தவல்லிக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அமிர்தவல்லி அலறினாள்.

"யக்கா, இன்னிக்கு அமாவாசைக்கா! மலையனூர் கோயிலுக்குப் போற ஜனத்துல ரோடே தெரியல. ஆட்டோ ஒண்ணுகூட நகர மாட்டுது. என் வூடு போயிடுமேக்கா!"

"கத்தாத. நான் பாத்துக்கறேன்."

குரங்குத் தொல்லைக்காக, துணி காயப்போடக் கொடிக்குப் போனாலும் கதவைப் பூட்டுகிற பழக்கம் அங்கே எல்லோருக்கும் உண்டு. பவுனம்மாளின் கையும் யோசிக்காமல் தன் வீட்டைப் பூட்டியது. எதிர்வீட்டைத் திறந்து அடுப்பில் உலை வைத்தாள், ஒரு புடவையை நனைத்துக் கொடியில் போட்டாள். உலை கொதித்ததும் தன் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் படியில் பூட்ஸ் சத்தம்.

"பேரு?" அதிகாரி லிஸ்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அமிர்தவல்லி சார்."

"ஆதார்?"

"வேலை செய்யற மண்டபத்துல கேட்டாங்கன்னு குடுத்துருக்கேன் சார்."

அடுப்பைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். கதவுக்கு முன்னால் அவளை நிற்கவைத்து செல்போனில் போட்டோ எடுத்தார். பிறகு எதிரே திரும்பினார்.

"இது யார் வீடு?"

"பவுனம்மா சார். அவங்க இங்கதான் இருக்கறாங்க."

"எல்லா பிளாக்லயும் பக்கத்து வீட்டுக்காரங்க இதைத்தான்மா சொல்றாங்க."

"சத்தியமா சார்! ராவும் பகலும் இங்கதான் கெடக்குது. வேற போக்கிடம் இல்ல. பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு இல்ல. செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துருக்கும் சார், பாக்கவே பாவமா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு நாளில் ஒரு ஆளிடமும் இதைச் சொன்னதில்லை.

"சரி, இப்ப எங்க அந்தம்மா?"

நான்தான் என்றால் இந்த நிமிஷமே அமிர்தவல்லியின் வீடு போய்விடும். "இப்பத்தான்... எங்கியோ..." என்று இழுத்தாள்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கூட வந்தவன் பசையைத் தடவி அவள் கதவில் நோட்டீஸை ஒட்டினான்.

"ஒரு வாரத்துக்குள்ள ஆதாரோட நேர்ல வரச் சொல்லும்மா. நான்தான் பார்ப்பேன்."

"சொல்றேன் சார்."

ஜீப் போனபிறகுதான் அவளுக்கு முழுசும் உறைத்தது. அவள் முகம் அமிர்தவல்லி என்ற பெயரில் அவர் போனில் இருக்கிறது. நேரில் போய் நான் பவுனம்மாள் என்று நின்றால், அமிர்தவல்லி வீடு போகும். ஆள்மாறாட்டம் செய்தவளுக்கு அவள் வீடு மட்டும் மிஞ்சுமா? போகாவிட்டால் தன் வீடு போகும். பன்னிரண்டில் உண்மையாக ஆள் குடியிருந்த வீடு அது ஒன்றுதான்.

உலை பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன், பூ விற்கிற குரல், யாரோ சிரிக்கிற சத்தம்.

"யக்கா, வூடு தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

"சாமிக்கா நீ! நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?" அமிர்தவல்லி கூட்டத்துக்கு மேலே கத்தினாள்.

பவுனம்மாள் நோட்டீஸை ஒரு முறை பார்த்தாள். பசை இன்னும் காயவில்லை.

"அமிர்தம், மண்டபத்துக்குப் பின்னால நீ படுக்கற எடத்துல இன்னொரு ஆளு படுக்கலாமா?"

"ரெண்டு பேரு படுத்தா காலு நீட்ட முடியாதுக்கா. யாருக்குக் கேக்கற?"

"எனக்குத்தான்டி" என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.