மோரேயிலிருந்து கூட வந்த வெயில்

ஈஜிபுராவில் மதலைமுத்துவின் வாடகை வீட்டுக்கு மட்டும் மற்ற வீடுகளைவிட ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகப் பொழுது விடிந்தது. அதே கணக்கில் சீக்கிரமாக இருட்டவும் செய்தது. மணிப்பூரின் எல்லையில், பர்மாவைப் பார்த்தபடி இருக்கிற மோரேயில் சூரியன் அப்படித்தான் வரும், போகும். கலவரத்தில் வீடும் துணிக்கடையும் எரிந்துபோய், மதலைமுத்துவும் மனைவி யூனிஸும் ஆளுக்கொரு பையோடு ரயிலேறியபோது அந்த வெயிலும் கூடவே வந்துவிட்டது. கன்னடக்காரரான வீட்டு ஓனர் கிருஷ்ணப்பா முதல் மாதம் முணுமுணுத்தார். கரண்ட் மீட்டர் தனி என்பதால் அப்புறம் விட்டுவிட்டார்.

மதலைமுத்துவுக்குக் கமர்ஷியல் தெருவில், ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. மோரேயில் இருட்டினால் ஷட்டர் இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் கடை திறந்து வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்த வெயில் அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போனதால், டிசம்பரில் ஒருநாள் நாலரை மணிக்கு அவர் நின்ற இடத்தில் மட்டும் இருட்டியது. கைப்பழக்கத்தில் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். உள்ளே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் வேலை இல்லை. மோரேயில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கிய முதலாளி மதலைமுத்து, எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்ட் கேட்டில் நைட் டியூட்டிக்கு நின்று, கார்களுக்கு சல்யூட் அடிக்கக் கற்றுக்கொண்டார். யூனிஸ் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போனாள். மோரேயில் அவள் வீட்டிலேயே சமைக்க ஆள் இருந்தது. அதைச் சொல்லிக்காட்ட அவளுக்குப் பிடிக்காது. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

ஒரு கட்டிலாவது வாங்கலாம் என்றால் மதலைமுத்து மசிய மாட்டார். "இங்க எதுக்கு யூனிஸ் கட்டில்? நம்ம ஊரு வெயிலே இன்னும் நம்மள விடல. ஈஸ்டருக்குள்ள திரும்பிப் போயிருவோம்." ஈஸ்டர்கள் வந்து வந்து போயின. தரையில் படுத்துப் படுத்து அவள் இடுப்பு போயிற்று.

மோரேயிலேயே தங்கிவிட்ட அவள் தம்பி போன வாரம் போன் செய்தான். "மாமா, உங்க இடத்துல வேற ஆளுங்க வீடு கட்டிட்டாங்க. கேக்கப் போனா துப்பாக்கியைக் காட்டுறாங்க. இனிமே வராதீங்க." மதலைமுத்து சரி என்றார். டியூட்டிக்குக் கிளம்பினார்.

மறுநாள் அந்த வீட்டுக்கு முன்னதாக விடியவில்லை. யூனிஸ் கதவைத் திறந்து வைத்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவுக்கெல்லாம் விடிந்தபோதுதான் அவளுக்கும் விடிந்தது. பால் வாங்க வந்த கிருஷ்ணப்பா நின்று பார்த்தார். "நோடி, பாருங்க, இப்பத்தான் எங்க ஊர்க்காரங்க ஆயிருக்கீங்க" என்று மனசார வாழ்த்திவிட்டுப் போனார்.

டியூட்டி முடிந்து வந்த கணவரிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"தெரியும். கேட்லயே பாத்தேன்" என்றார் மதலைமுத்து. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.