வேப்பூரிலிருந்து வந்த துபாய்க் கடிதங்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை எழுதுவது சுலபமாகிவிடும் என்று எண்ணினேன். ஆகவில்லை. மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘விருத்தாசலத்தில் அன்று கடும் வெயில்.’ விருத்தாசலத்தில் என்றைக்கு இல்லை? அடித்துவிட்டேன்.

‘கியாசுதீன் தேக்சாவின் மூடியைத் திறந்ததும் தெரு முழுக்க’ வேண்டாம். வாசகருக்குப் பசி எடுத்தால் கதையை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

‘1976 ஜூலையில் பம்பாயிலிருந்து ஒரு’

ஒரு என்ன? அந்த ஒன்று வரவில்லை என்பதுதான் விஷயம். ஆகவே மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன், பாதியில் நின்றபடியே. கியாசுதீனும் பத்தொன்பது மாதம் அப்படித்தான் நின்றார்.

2

கியாசுதீனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். கல்யாணக் காலத்தில் பண்டாரி, அதாவது விருந்து வீடுகளுக்குப் போய்ப் பெரிய தேக்சாவில் பிரியாணி போடுகிறவர். திட்டக்குடியில் ஒரு கல்யாணத்தில் அவர் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஒருவர், துபாயில் கட்டட வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர், பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது.

அதைப் படித்துச் சொல்லத்தான் என்னிடம் வந்தார். நான் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவு குமாஸ்தா. பெட்டிகள்மேல் ‘உடையக்கூடியது, கவனம்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அந்த ஆங்கிலத்தை நம்பி ஊரில் பலர் வந்தார்கள். கம்பெனியே விசா எடுத்து அனுப்பும், ஜூலைக்குள் பம்பாய் வழியாக வந்துவிடும், பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கவும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

காத்திருக்கவும் என்ற சொல்லை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் முந்திக்கொண்டது. ஐந்து வீடுகளில் வழியனுப்பு விருந்து. அதில் நான்கில் கியாசுதீனே சமைத்தார். அவரைவிட நன்றாகச் சமைப்பவர் ஊரில் இல்லாதபோது வேறு யாரைக் கூப்பிடுவது? சாப்பாட்டுக் கடையில் அவருக்குப் பதிலாகக் கோவிந்தராசு என்பவரை வைத்தார்கள். அவருக்கு ஒரு வாரம் கூட நின்று கைப்பக்குவம் சொல்லிக்கொடுத்ததும் கியாசுதீன்தான். அவருடைய அக்கா ஜைத்தூன் பீவி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். ‘தாய்மாமன் துபாய்’ என்று கேட்டதும் மாப்பிள்ளை வீட்டில் பேச்சை முடித்துத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

ஜூலை போயிற்று. ரம்ஜான் போயிற்று. பக்ரீத் போயிற்று. ‘எப்ப பயணம்?’ என்று கேட்ட ஊர் ‘இன்னும் போவலியா?’ என்று கேட்க ஆரம்பித்தது. கியாசுதீன் பின்சந்து வழியாகப் பள்ளிவாசலுக்குப் போனார். கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாகக் கிளம்பினார்.

3

(இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகம் உண்டு. கியாசுதீன் இதை இரண்டு முறை இரண்டு விதமாகச் சொன்னார்.)

கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தார். பெட்டியோடு கிளம்பியதும் ஊர், விசா வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு ‘விசாரிக்கத்தான் போகிறேன்’ என்று எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை.

வேப்பூரில் இறங்கி, திருச்சியிலிருந்து வரும் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் இருந்தது. டிரங்க் ரோட்டில் லாரிக்காரர்கள் சாப்பிடும் வீராயி கடையில் உட்கார்ந்தார். குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. சமையல்காரன் ரெண்டு நாளாக வரவில்லை என்று வீராயி அலுத்துக்கொண்டார். கியாசுதீன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். மெட்ராஸ் பஸ் வந்து, ஹாரன் அடித்து, போய்விட்டது.

முதல் முறை சொன்னபோது, குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று பஸ்ஸை விட்டதாகச் சொன்னார். இரண்டாம் முறை வேறு. பம்பாய்க்குப் போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேட்காதவரைக்கும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை அல்லவா?

இரண்டாவதைத்தான் நம்புகிறேன். முதலாவதுதான் கதைக்கு நன்றாக இருக்கிறது.

இப்படியாக, விருத்தாசலத்திலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் தூரத்தில் கியாசுதீனின் துபாய் இருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேர்: அவர் மனைவி நசீம் பானு, நான்.

4

கடிதம் இல்லாத துபாயை ஜைத்தூன் பீவி எத்தனை நாள் நம்புவார்? நசீம் பானு ஒருநாள் தொழிற்சாலைக்கே வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, அவரு எழுதற மாதிரி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. படிக்க வரும்.”

எழுதினேன். என் முதல் புனைகதை அதுதான். (ஸ்டாம்பு? என்று கேட்கிறீர்கள். அந்தக் காலத்தில் அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களிடம் கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். ஸ்டாம்பு இல்லாத கடிதம்தான் அதிக மரியாதையானது.)

பாலைவனத்துக்கு நான் தொழிற்சாலைச் சூளையின் வாயருகே போய் நின்றேன். கடலுக்குக் கடலூரைத் திருப்பிப் போட்டேன். சூரியன் அதில் அஸ்தமித்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நசீம் பானு படிக்க, பெண்கள் கூடிக் கேட்டார்கள். ஒரே கடிதம் மூன்று வீடுகளுக்குப் போய் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிற்று. அதன்பிறகு எனக்கு இவ்வளவு வாசகர்கள் என்றும் வாய்த்ததில்லை.

ஒவ்வொரு கடிதத்தையும் வேப்பூருக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன். கியாசுதீன் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பார். மூன்றாவது கடிதத்தில் கையை நிறுத்தினார்.

“ஒட்டகமெல்லாம் போடாதீங்க, சார். சமையக்காரனுக்கு ஒட்டகத்துகிட்ட என்னா வேலை? அரிசி எப்படின்னு எழுதுங்க. அதத்தான் வூட்ல கேப்பாங்க.”

அரிசியை எழுதினேன். நீளமாக, உடையாமல் வேகும் அரிசி. அந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஜைத்தூன் பீவி அழுதாராம்: தம்பி எழுத்தில் இவ்வளவு கெட்டிக்காரன் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று.

எட்டு மாதத்தில் பதினோரு கடிதங்கள். வேப்பூரில் லாரிகள் அந்தக் கடைக்காகவே நிற்க ஆரம்பித்தன. கியாசுதீனுக்கு அதில் சந்தோஷம் இருந்ததா? இருந்தது. ஆனால் விருத்தாசலம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் சமையல்கட்டின் மூலைக்குப் போய்விடுவார்.

5

1978 பிப்ரவரியில் தபால்காரர் கோதண்டபாணி நசீம் பானுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பம்பாயிலிருந்து ரிஜிஸ்தர் தபால். கியாசுதீன் நேரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

உள்ளே ஜைத்தூன் பீவி கல்யாணச் சேலைகளைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். நசீம் பானு வாயைத் திறப்பதற்குள் அவரே பெருமையாகச் சொன்னார், தம்பிதான் துபாயில் இருக்கிறானே என்று.

கோதண்டபாணி தலையாட்டினார். அந்த வீட்டுக்கு எட்டு மாதமாக ஒரு வெளிநாட்டுக் கடிதம்கூடக் கொண்டுவராதவர் அவர். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உறைமேல் ‘வெளிநாடு சென்றுவிட்டார்’ என்று எழுதவில்லை. ‘வீட்டில் இல்லை’ என்று எழுதினார்.

“ஏழு நாளு ஆபீஸ்ல வச்சிருப்போம்மா. ஆளு வந்தா வாங்கிக்கட்டும்.”

துபாயிலிருந்து ஏழு நாளில் வந்து கையெழுத்துப் போடுவதா என்று ஜைத்தூன் பீவி சிரித்தார். நசீம் பானுவும் கூடச் சிரித்தார். மறுநாளே வேப்பூருக்குப் போய் இதைக் கியாசுதீனிடம் சொன்னார்.

6

கியாசுதீனின் நிலைமையை நீங்களே பாருங்கள். துபாய் போக வேண்டுமென்றால், துபாய் போகவில்லை என்று பட்டப்பகலில் தபாலாபீசில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் தபால் திரும்பிப் போகும். போட்டால் அக்கா மகளின் கல்யாணம் நின்றாலும் நிற்கும்.

நான் ஒரு வழி சொன்னேன். பன்னிரண்டாவது கடிதம்: ‘பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன்.’ புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, நாலு சென்ட் பாட்டில். எழுதியே கொண்டுபோயிருந்தேன். நல்ல கடிதம் அது.

கியாசுதீன் கடைசிவரை கேட்டார். பிறகு காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“நல்லா இருக்குது, சார். ஆனா கண்ணாடி போட்டுக்கிட்டு எங்க ஊர்ல நான் நடக்க மாட்டேன். ஒளிஞ்சது போதும். கல்யாணம் நின்னா அக்கா கால்ல வுழறேன்.”

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி வீராயியிடம் சொல்லிவிட்டு, உடுத்தியிருந்த கைலியோடு, மசாலா படிந்த பனியன்மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் போனேன். என் எழுத்துக்காரன் மூளை பஸ்ஸிலேயே மூன்று அவமானக் காட்சிகளைத் தயாரித்தது. மூன்றும் வீணாயின.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே, கடையில் அவர் இடத்துக்கு வந்த கோவிந்தராசு.

“எப்ப வந்தீங்க, பாய்?”

“இப்பத்தான். வேப்பூர்லேர்ந்து.”

கோவிந்தராசு கண்ணில் நீர் வரச் சிரித்தார். துபாய் போயும் பாய்க்குக் கிண்டல் போகவில்லை என்றார். கியாசுதீன் நின்று மறுபடியும் சொன்னார்: எட்டு மாதமாக அங்கேதான் லாரிக்காரர்களுக்குச் சமைக்கிறேன். கோவிந்தராசு இன்னும் அதிகமாகச் சிரித்தார். தபாலாபீஸ் போவதற்குள் கியாசுதீன் ஐந்து பேரிடம் உண்மையைச் சொன்னார். ஐந்து பேரும் ரசித்தார்கள். சாயங்காலம் ஜைத்தூன் பீவி, பெரிய இடத்தில் இருக்கிறவன் இப்படித்தான் எளிமையாக வருவான் என்று சொன்னதாகக் கேள்வி. கல்யாணம் நிற்கவில்லை.

(அந்தப் பதினோரு கடிதங்களுக்காக நான் பெருமைப்பட்டதும் வெட்கப்பட்டதும் அன்று ஒரே நேரத்தில்.)

கையெழுத்துப் போட்டு உறையை வாங்கி என்னிடம் நீட்டினார். பிரித்துப் படித்தேன். விசா வந்துவிட்டது, இருபது நாளுக்குள் பாஸ்போர்ட்டோடு பம்பாய் ஆபீசுக்கு வரவும், தொழிலாளர் முகாமில் முந்நூறு பேருக்குச் சமையல், இரண்டு வருடம். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

கியாசுதீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது அவங்க எழுதினதா, நீங்க எழுதினதா?”

7

அவர் போனார். வழியனுப்ப யாரும் வரவில்லை. ஊரைப் பொறுத்தவரை லீவு முடிந்து திரும்புகிறவர்தானே? போகாதபோது ஐந்து விருந்தும் மாலையும். போனபோது ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நசீம் பானுவும் நானும் மட்டும்.

ஒன்றரை மாதம் கழித்து முதல் உண்மைக் கடிதம் வந்தது. கோதண்டபாணி கொண்டுவந்தார், ஸ்டாம்போடு. நசீம் பானு அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான்கு வரி.

‘நலம். நலமறிய ஆவல். இங்கு அரிசி உடைகிறது. கையில் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன், பெரிதாக இல்லை.’

வெள்ளிக்கிழமை பெண்கள் வருவார்களே, இதில் ஏதாவது சேர்த்து எழுத வேண்டுமா என்று கேட்டேன். அவர் வந்தது அதற்காக இல்லை.

“பெரிசா இல்லன்னு போட்டிருக்காரே, அது நெசமா, அண்ணே? நீங்க எழுதினப்ப எல்லாமே பொய்யி, ஆனா அவரு எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியும். இப்ப இது அவரு கையெழுத்து. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல.”

இந்தக் கதைக்கு நான் இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் காயம் சின்னது. இன்னொன்றை எழுதி

இல்லை. எதையும் எழுத மாட்டேன். கடிதம் மேசைமேல் இருக்கிறது. நசீம் பானு இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்து, அந்த நான்கு வரியைப் படித்துப் பார்த்து, அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள். தயவுசெய்து நன்றாக எழுதிவிடாதீர்கள்.