எல்லைக்கல்லின் மேல் ஒரு கால்

எல்லைக்கல்லின் மேல் வலது காலைத் தூக்கி வைத்து, சுட்டு வீழ்த்திய புலியின் மேல் ஜமீன்தார் நிற்பாரே, அப்படி நிற்கிறார் என் கணவர், எடு எடு, கல்லும் தெரியணும் என்கிறார், நான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து நெருஞ்சி முள்ளை மிதித்துவிடுகிறேன், புறவழிச்சாலைக்கு அப்பால் பொட்டல் வெயில், மனைப் பத்திரம் என் பேரில், படத்தில் அவர் மட்டும், அன்று காலையில்தான் பதிவு அலுவலகத்தில் அவர் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தேன், எதுக்குங்க என் பேர்ல என்றதற்கு, நீ மகாலட்சுமிடி என்றார், அரசாங்கப் பொறியாளர் வீட்டுக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரும் பழக்கூடையில் ஆப்பிளுக்கு அடியில் இருந்தவற்றுக்கு ஒரு மகாலட்சுமி தேவைப்பட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது, ஊழல் ஒழிப்பு வாரம் வந்தால் வீட்டுக் கண்ணாடி முன்னால் உறுதிமொழி ஒத்திகை நடக்கும், காகிதத்தை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், லஞ்சம் வாங்கவும் மாட்டேன் என்று கையை நீட்டுவார், அடுப்படிப் பாத்திரம் அதிரும், வாங்கவும்ங்கிற இடத்துல இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று என்னிடமே கேட்பார், அழுத்துங்க என்பேன், கூடையிலிருந்து எடுத்த ஆப்பிளை நறுக்கிக்கொண்டே.

என் சிறுவாடு உளுத்தம்பருப்பு டப்பாவில் இருந்தது, காய்கறியில் மிச்சம், பால் கணக்கில் மிச்சம், ஒருநாள் அதைக் கண்டுபிடித்து விருந்தாளிகள் முன்னால் கவிழ்த்துக் கொட்டி, பாருங்க சார், எங்க வீட்டு ரிசர்வ் பேங்க் என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தப் பணத்திலேயே அவர்களுக்குப் பிரியாணி வந்தது, அந்தச் சிரிப்பு மட்டும் என் வாயில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காகப் போகவேயில்லை, விவாகரத்து கேட்டபோது வக்கீல் ரெஜினா என்னக்கா காரணம் என்றாள், பருப்பு டப்பா என்று எப்படிச் சொல்வது, இரண்டு பேரும் சொத்து விவரத்தைச் சத்தியம் செய்து எழுதித் தரவேண்டுமாம், மனைய உங்க சிறுவாட்டுல வாங்கினதா எழுதிடுங்கக்கா, அவரு வாயைத் தொறந்தா வேலை போயிடும் என்றாள், உண்மையை எழுதினா என்றேன், மனை போயிடும்க்கா, உங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே, ஆமாம், அது ஒன்றுதான், ஆனால் மறுபடியும் இன்னொருவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்தா, எழுதினேன், பணம் கணவருடையது, நான் ஒரு ரூபாயும் போடவில்லை.

கூண்டில் நிற்கிறார், கண்ணாடி முன்னால் நின்ற அதே நிமிர்வு, நீங்க வாங்கினதா எழுதியிருக்காங்களே, ஏது பணம் என்கிறார் நீதிபதி அம்மா, அவர் தொண்டையைச் செருமுகிறார், காகிதத்தைப் பிடிக்க என் கை பரபரக்கிறது, எனக்கும் அந்த மனைக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா, அவ ரொம்பச் சிக்கனக்காரி, எல்லாம் சிறுவாடு, பருப்பு டப்பாவுல சேர்த்தது என்கிறார், நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி, எத்தனை டப்பாங்க என்கிறார், கூடமே சிரிக்கிறது, அவரும் சிரிக்கப் பார்க்கிறார், அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், மனையில் தனக்கு உரிமை இல்லை என்று அவரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், குமாஸ்தா விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார், வெளியே வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்து, திருப்திதானே மகாராணிக்கு என்கிறார், நான் உண்மையைத்தாங்க எழுதினேன், உண்மைய உங்கிட்ட யாருடி கேட்டா.

யாரும் கேட்கவில்லைதான், நான் எழுதிய உண்மை வழக்குக் கட்டுக்குள் கிடக்கிறது, அவர் சொன்ன பொய் எனக்குச் சொத்தாகிவிட்டது, விற்கலாமா, ஒரு அறை போடலாமா, திருப்பிக் கொடுத்தால் வாங்க அவருக்கு வாய் ஏது, இப்போது பொட்டலில் நிற்கிறேன், நேற்று ராத்திரியும் நின்றேனே, அது கனவு, செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைக் கல்லின் மேல் வைத்துப் பார்க்கிறேன், படம் பிடிக்க ஆளில்லை, கல், முள், அவர் பொய், எல்லாம் சட்டப்படி என்னுடையவை, கல் கொதிக்கிறது, காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருக்கிறேன்.