அலறல் பொத்தான்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுக்குக் ‘கல்லு’ என்று பெயர். பெயர் சூட்டியது சொந்த அத்தை. அப்பா செத்த அன்று வீடே அழுது புரள, இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். “பெத்த அப்பன் போயிட்டான், இவ பாத்திரம் கழுவுறா பாரு! கல்லு!” என்றாள் அத்தை. அதை இவளே பக்கத்து சீட் வாயாடியிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தாள். சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது.

அங்கே ஒரு கூத்து உண்டு. யார் அழைத்தாலும், அவர் குரல் எப்படி இருந்தது என்று திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அலறல், அழுகை, பதற்றம், நிதானம். வண்டி தட்டுப்பாடு வந்தால் அலறியவருக்குத்தான் முதல் வண்டி; இரண்டு பேர் அலறினால் குழந்தைக்கு. தொண்டையை வைத்து உயிரை எடைபோடும் இந்த ஏற்பாட்டை எந்த மகராசன் யோசித்தானோ தெரியவில்லை.

அன்று மதியம் மிச்சமிருந்தது ஒரே வண்டி. வாயாடியின் லைனில் ஒருவன் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவன் அம்மா மாடிப்படியில் உருண்டுவிட்டாளாம், தலையில் ரத்தமாம். அதே நேரம் கல்லுவின் லைனில் ஒரு பெண்.

“பையன் எழுந்திருக்க மாட்டேங்கறான். காய்ச்சல். தூங்குறான்னுதான் நினைக்கிறேன்.”

“மூச்சு விடுறானா?”

“விடுறான். அவசரம் இல்லைன்னா மெதுவாவே அனுப்புங்க.”

மளிகைக்குச் சொல்வதுபோல் அப்படி ஒரு குரல். மவுஸ் நிதானத்தின் மேல் போய்விட்டது. அப்போதுதான் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிறது, தட்டு தட்டோடு மோதுகிறது.

“என்னங்க பண்றீங்க?”

“பாத்திரம் தேய்க்கிறேன்.”

“நிறைய சேர்ந்துபோச்சா?”

“இல்ல... எல்லாம் காலையிலயே தேய்ச்சாச்சு.”

அப்பா செத்த அன்று கல்லுவும் கழுவிய பாத்திரத்தைத்தான் மறுபடி மறுபடி கழுவினாள். அத்தைக்கு அது தெரியாது. கல்லு அலறல் பொத்தானை அழுத்தினாள்.

“குழாயை மூடுங்க. பையன்கிட்ட போங்க. நெஞ்சு ஏறி எறங்குதான்னு சொல்லிட்டே இருங்க.”

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவளுடைய ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“இதுவா அலறல்? இந்தம்மா கதை பேசிட்டு இருக்காங்க! அங்க ஒரு வயசானவங்களுக்கு ரத்தம் கொட்டுது. நிதானம்னு மாத்தும்மா!”

“மாத்த மாட்டேன் சார்.”

“அந்த வயசானவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேலை மட்டும் போகாது. ஆயுசுக்கும் உன்னால நிம்மதியா தூங்க முடியாது, பாத்துக்க.”

“தெரியும் சார்.”

அவர் மவுஸை எடுக்கக் கை நீட்டினார். அவள் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். தப்பாகிவிட்டால் ஒரு கிழவியின் சாவு தன் தலையில் என்று அவளுக்கும் தெரியும். திரையில் வண்டி கிளம்பிவிட்டது.

காதில் அதே குரல், அதே நிதானம்: “இப்ப ஏறல.”

“என்ன ஏறல?”

“நெஞ்சு.”

“நடு நெஞ்சுல கை வைங்க. அழுத்துங்க. நான் எண்ணுறேன், நிறுத்தாதீங்க.”

அவள் எண்ணினாள். சூப்பர்வைசரின் உதடும் கூடவே அசைந்தது. கதவு தட்டும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ “தள்ளிக்கோம்மா” என்றது. லைன் அறுந்துவிட்டது.

வாயாடிகூட எழுந்து வந்து கல்லுவின் திரையைப் பார்த்தாள். கடைசியில் வண்டிக்காரர் பேசினார்: “மூச்சு நின்னிருந்துச்சு சார். வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்.” திரும்பி வந்த இன்னொரு வண்டி மாடிப்படியில் விழுந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டது. தலையில் நாலு தையல் போடும் காயம்தான். ஊரைக் கூட்டியதற்காக மகனைத் திட்டிக்கொண்டே ஏறினாளாம்.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“அவங்க அலறிட்டுதான் இருந்தாங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கல்லு எழுந்து போனாள்.

“பாருங்க சார், முகத்துல ஏதாவது தெரியுதா?” என்றாள் வாயாடி.

வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். சூப்பர்வைசர் தேடிக்கொண்டு போனார். டீ போடும் அறையில் குழாய் திறந்து கிடந்தது. கல்லு காய்ந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்ததும் முதல் டம்ளரை மறுபடி எடுத்தாள்.

“அது கழுவினதுதானேம்மா.”

“ஆமா சார்.” குரலில் ஒரு பிசிறில்லை.

அவர் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு மெல்லக் குழாயை மூடினார்.

“அப்பா போன அன்னிக்கும் இப்படித்தானா?”

டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. அடுத்து அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு மாடியிலிருந்த அத்தனை பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார்கள். எந்தப் பொத்தான் என்று அன்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.