ராஜகிரிவேந்தன் எழுதிய நாவல்

சந்தனா அந்த நாவலை எழுதி முடிக்க நான்கு வருடமாயிற்று. கணவன் நேமிராஜ் செஞ்சி கடைத்தெருவிலிருந்த தன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்குப் போனதும் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுவாள். செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்தில் நெல் அளக்கிற பெண்ணுக்கும் வாசலில் காவல் நிற்கிற சிப்பாய்க்கும் முற்றுகைக் காலத்தில் உண்டான காதல்தான் கதை. கடைசியில் இருவரும் தப்பித்து, பக்கத்துக் கிராமமான தொண்டூரில் நிலம் உழுது பிழைக்கிறார்கள். அந்த முடிவுக்காகத்தான் அவள் கதையையே எழுதினாள்.

தபாலில் அனுப்பியதைப் படித்துவிட்டு, 1963-இல் சென்னைப் பதிப்பாளர் கோதண்டராமன் நேரிலேயே வந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா சரித்திரக் கதைக்குப் பொம்பளை பேரு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. ராஜகிரிவேந்தன்னு போட்டுக்கலாமா?"

சந்தனா கணவனைப் பார்த்தாள்.

"பேரு எதுவா இருந்தா இன்னா? புக்கு வருதில்ல?" என்றான் நேமிராஜ். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. சிப்பாய் மாறுவேடத்திலிருந்த இளவரசனாகியிருந்தான். கடைசி அத்தியாயத்தில் காதலர்கள் கைகோத்து கோட்டையின் ராஜகிரி மலை உச்சியிலிருந்து குதித்தார்கள். அந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட அவளுடையதல்ல. ஏன் என்று கேட்டு எழுதினாள். 'அழவைத்தால்தான் அடுத்தவருக்குச் சொல்வார்கள். இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது' என்று பதில் வந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. தெருப் பெண்களிடையே கைமாறிக் கைமாறிப் புத்தகம் தையல் விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டு ரஞ்சிதம் சிவந்த கண்களோடு வந்தாள்.

"இன்னாமா எழுதியிருக்கான் பாரு, சந்தனா!"

"நான் எழுதுனதுதான் அது."

ரஞ்சிதம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நெசமாத்தான். அவங்க சாவலை. தொண்டூருக்குப் போய் நல்லா இருந்தாங்க."

"போடி, அப்போ அதுல கதையே இல்லியே."

சந்தனா விடவில்லை. இரண்டு வருடம் உழைத்து இன்னொரு நாவல் எழுதினாள். தன் பெயரிலேயே மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். இரண்டு பேர் கடிதமில்லாமல் திருப்பினார்கள். மூன்றாமவர் எழுதியிருந்தார்: 'ராஜகிரிவேந்தனைப் பார்த்துக் காப்பியடித்தது அப்பட்டமாகத் தெரிகிறது. சொந்தமாக முயலவும்.'

நேமிராஜ் அதை இரண்டு முறை படித்தான். "நாம உண்மையச் சொன்னா இன்னா?"

"யாருகிட்ட சொல்லுவீங்க? ரஞ்சிதமே நம்பலை."

அவன் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. ராஜகிரிவேந்தன் மட்டும் வருடத்துக்கு ஒரு நாவல் எழுதினான். அந்தப் பெயரில் இப்போது எழுதுவது யாரென்று அவளுக்குத் தெரியாது. ரஞ்சிதம் நூலகத்திலிருந்து கொண்டுவருவாள்; சந்தனாவும் வாங்கிப் படிப்பாள். எல்லாக் கதையிலும் காதலர்கள் செத்துப்போனார்கள்.