ஒற்றை டிக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு செய்தியிலிருந்து வந்தது, கண்ணுகளா. செய்தி அனுப்பும் செயலி ஒன்று பழைய கைபேசிகளில் இனி வேலை செய்யாது என்று நாளிதழின் மூலையில் போட்டிருந்தார்கள். யாருக்கு என்ன போச்சு என்று பக்கத்தைத் திருப்பினேன். ஒருத்தி வந்து கண்முன்னே நின்றுகொண்டாள்.

“முன்பொரு நாள், ஒரு சலவைக்கூடத்தில்...”

(இப்படித் தொடங்கினால் நீங்களே கொட்டாவி விடுவீர்கள். விட்டுவிட்டேன்.)

2

அவள் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தனிக்கட்டை. அண்ணி இறந்தபோது விடுப்புக் கிடைக்காமல் மறுநாள்தான் போய் நின்றாள்.

“இனிமே எங்கிட்ட பேசாத,” என்றார் அண்ணன்.

பேசாதே என்றாரே ஒழிய, அனுப்பாதே என்று சொல்லவில்லையே! தினம் காலையில் ஓர் அறிவியல் செய்தியை அவருக்குத் தட்டிவிடுவாள். சொந்தமாக ஒரு சொல் சேர்க்க மாட்டாள். அவரும் பதில் போட மாட்டார். இரண்டு நீல டிக் விழும். எழுந்துவிட்டார், கண்ணாடி போட்டுவிட்டார். அவளுக்கு அது போதும்.

“அண்ணனுக்கு இன்னிக்கு என்னக்கா? நிலாவுல தண்ணியா?” என்பாள், விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் தோழி.

“அது நேத்து. இன்னிக்கு, ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்.”

“ஒண்ண வச்சுக்கிட்டே நாம படுற பாடு போதாதா!”

3

பழைய கைபேசிச் செய்தி அவள் கண்ணிலும் பட்டது. அண்ணனுடையது அரதப்பழசு. ஆனால் நாளுக்கு ஒன்றுதான் என்பது அவள் வைத்துக்கொண்ட கணக்கு. நல்லதாகச் சில முன்பே வரிசையில் இருந்தன. இதை வெள்ளிக்கிழமைக்கு எடுத்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அனுப்பினாள். போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக். மறுநாளும் அதே.

[இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழுகிறவள் இல்லை. அடித்துவிட்டேன்.]

“போன்ல மெசேஜ்தான் நின்னுபோயிருக்கும்க்கா.”

“மெசேஜ் மட்டும்தானா?”

தோழிக்குச் சுருக்கென்றது. “சாதாரணமா கூப்பிட்டா மணி அடிக்குமே. கூப்பிட்டுத்தான் பாருங்களேன்.”

“பேசாதன்னுல்ல சொல்லியிருக்காரு.”

4

அண்ணனே தேடி வந்தார் என்று முடித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. யாரும் எடுக்கவில்லை என்று முடித்தேன். அவளை அப்படி விட மனசு வரவில்லை. ஆகவே...

அவள் அழைக்கிறாள். மணி போகிறது. எடுத்துவிட்டார்.

மூச்சு மட்டும் கேட்கிறது. அண்ணனுடையதேதான்.

இன்றைக்கான செய்தி, நாளிதழோடு அவள் மடியில் இருக்கிறது. அதை வாசித்தால் பேசியதாக ஆகாது. ‘அண்ணா’ என்றால் ஆகிவிடும். அவர் வைத்துவிட்டால் இந்த மூச்சும் இல்லை.

எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வாயில் எது முதலில் வருகிறதோ அதை அவளுக்குக் கொடுங்கள். சீக்கிரம், கண்ணுகளா. எவ்வளவு நேரம்தான் அவர் காதில் வைத்துக்கொண்டிருப்பார்?